சிகரெட் வாடை ஏறிப்போன வீட்டை மீட்பது எப்படி: வேலூர் கொசப்பேட்டை வீட்டில் நான் செய்து பார்த்த முழு வழி

ஐப்பசி மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. மூன்றாம் நாள் காலையில்தான் முன்னறைச் சுவரைக் கவனித்தேன். நாலு மாதத்துக்கு முன் மாமனாரின் தெவசத்துக்காக வெள்ளையடித்த சுவர். மேலே, சீலிங்குக்கு ஒரு முழம் கீழே, டிக்காஷன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ இறங்கி நின்றிருந்தது. ஒழுகுகிறது என்று நினைத்து விரலால் தொட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தால், மாமா.

அவர் 30 வருடம் அந்த அறையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தவர். கையில் காசு குறைந்த நாட்களில் பீடி. போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் அந்த வாடை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஊதுவத்தி ஏற்றினேன், சாம்பிராணி போட்டேன், எலுமிச்சை வாசனை ஸ்பிரே அடித்தேன், கடைசியாகப் பெயிண்டே அடித்துப் பார்த்தேன். இத்தனைக்கும் பிறகு சுவர் அழுகிறது.

பெயிண்டர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பனே. இது பெயிண்ட் வேலை இல்லமா, கழுவுற வேலை. உள்ள கீறது அப்படியே கீது. மேல பூசினா தண்ணி பட்டதும் வெளிய வரத்தான் செய்யும்."

பங்குனியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வர இருந்தாள். தை மாதம் முழுவதும் நானும் என் கொழுந்தன் மனைவியும் அந்த வேலையில்தான் கிடந்தோம். முதல் தடவை தப்பாகச் செய்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். புகைக்கிறவர்கள் காலி செய்து போன வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறை விடுகிறவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

வாடை காற்றில் இல்லை

முதலில் இது மனதில் பதிய வேண்டும். காற்றில் இருந்தால் ஜன்னலைத் திறந்த அரை மணி நேரத்தில் போயிருக்கும். சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் 70 வரை புற்றுநோய் தரக்கூடியவை. புகை ஆறியதும் அதிலுள்ள தாரும் நிக்கோடினும் சுவர், சீலிங், ஃபேன் றெக்கை, திரைச்சீலை, மெத்தை என்று எல்லாவற்றின் மேலும் மெல்லிய படலமாகப் படிகின்றன. வெயில் ஏறினால், ஈரம் கூடினால், அந்தப் படலத்திலிருந்து வாடை மறுபடி கிளம்பும். மழைக்காலத்தில் "செத்துப்போன சிகரெட்" உயிர்த்தெழுவது இதனால்தான்.

வாடை மட்டும் என்றால் சகித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் 2010இல் ஒன்றைக் காட்டினார்கள். பரப்புகளில் படிந்த நிக்கோடின், வீட்டுக் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்களாக மாறுகிறது. அந்த அமிலம் எங்கிருந்தோ வருவதில்லை, நம் கேஸ் அடுப்பு எரிந்தாலே கொஞ்சம் உண்டாகும். கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு ஆய்வு 2011இல் வெளியானது. புகைத்தவர்கள் காலி செய்து, வீடு 2 மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தமும் செய்து, புகைக்காதவர்கள் குடிவந்த பிறகும் தூசியில் நிக்கோடின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல் நுனியிலும் இருந்தது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கிற குழந்தை வரப்போகும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் வட்டாரத்தில் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். பீடி சுற்றிய வீட்டில் வருவது புகையிலைத் தூளின் நெடி, புகையின் பிசுக்கு அல்ல. அங்கே தூசியை ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்து, இடுக்குகளைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கீழே சொல்லும் அத்தனை பாடும் பீடியோ சிகரெட்டோ பிடித்த வீட்டுக்குத்தான்.

தொடங்கும் முன்

வீட்டுக்குள் இனி யாரும் புகைக்கக் கூடாது. பால்கனியில், பாத்ரூமில், ஜன்னலோரத்தில் என்று எந்தச் சலுகையும் வேண்டாம். இன்னும் புகைக்கிறவர் வீட்டில் இருந்தால் சண்டை போடாமல் தெருவுக்கோ மொட்டை மாடிக்கோ அனுப்புங்கள், உள்ளே வந்ததும் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். விட நினைக்கிறவருக்கு 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். இந்த ஒன்று நடக்காவிட்டால் கீழே உள்ளது எல்லாம் வீண் வேலை.

அடுத்து நோட்டம் பார்ப்பது. அந்த வீட்டிலேயே இருக்கிறவர் மூக்குக்கு வாடை தெரியாது, பழகிப் போயிருக்கும். வீட்டை ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைத்து, வெளியாள் ஒருவரை உள்ளே வரச் சொல்லுங்கள். நான் காட்பாடியிலிருந்து என் அக்காவைக் கூப்பிட்டேன். வாசற்படி தாண்டவில்லை, "தொட்டவுடனே அடிக்குதுடி" என்றாள்.

கண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. சுவரில் நெடுநாள் மாட்டியிருந்த எதையாவது கழற்றிப் பாருங்கள். எங்கள் பின்னறையில் தினசரி காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று நீள்சதுரமாக இருந்தது. சுற்றிலும் பழுப்பு. அதுவரை அந்த அறைக்கு அடித்த நிறமே சந்தன நிறம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமான்களில் எது வாடைக்காரன் என்று தெரியவில்லையா? ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிரித்து முகர்ந்தால் உடனே தெரிந்துவிடும். சுவருக்கும் இதே உபாயம்தான். ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினிய ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரவு முழுக்க விட்டு, காலையில் ஒரு ஓரத்தைத் தூக்கி மூக்கை வையுங்கள். எந்தச் சுவரைச் சுரண்ட வேண்டும், எதைக் கழுவினால் போதும் என்று இது காட்டிக்கொடுக்கும்.

காலமும் முக்கியம். நம் ஊரில் தை, மாசி, பங்குனிதான் தோதான மாதங்கள். காற்று உலர்ந்திருக்கும், கழுவிய சுவர் சீக்கிரம் காயும், ஆள் சுருண்டு விழ மாட்டோம். அக்னி நட்சத்திரத்தில் கழுவுவதற்குள் சுவர் தண்ணீரை உறிஞ்சிவிடும், சோப்புத் தடம் அப்படியே காய்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவுமே காயாது.

எதைத் தூக்கிப் போடுவது

மனசு வராது, ஆனாலும் முதல் நாளே முடித்துவிடுங்கள். ஃபோம் வைத்த சோபா குஷன், நாள்பட்ட தலையணை, கயிற்று நார் மெத்தை, ஓலைப் பாய், தெர்மோகோல் அலங்காரம், பழைய பேப்பர் கட்டு, ஜன்னலில் அடித்த நைலான் கொசுவலை. ஏர் கூலர் வைத்திருந்தால் அதன் பேடும் போக வேண்டும். வைக்கோல் மாதிரி இருக்கும் பேடு புகையை வருடக்கணக்காக வடிகட்டிக் குடித்திருக்கும். அதை மாற்றாமல் கூலரைப் போட்டால் அறை முழுக்க ஈரத்தோடு சேர்த்து வாடையை அதுவே ஊதும்.

இலவம்பஞ்சு மெத்தை மட்டும் தப்பிக்கும். உறையைக் கிழித்துவிட்டு, பஞ்சை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்து, மெத்தைக்காரரிடம் கொடுத்து அடித்துப் புது உறையில் திணித்துக்கொள்ளலாம். எங்கள் மெத்தை அப்படித்தான் பிழைத்தது. பஞ்சைப் பரப்பும்போது மேலே பழைய புடவை ஒன்றைப் போர்த்தி ஓரங்களில் கல் வையுங்கள். நான் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு வடகத்தில் போய் உட்கார்ந்தது, ஒரு வாரம் அந்த அம்மா என்னோடு பேசவில்லை.

கழுவும் மருந்து

கடைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எங்கே பார்த்தாலும் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து, நுரை பொங்குவதைக் காட்டி வியக்கிறார்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக.

தாரும் எண்ணெய்ப் பிசுக்கும் காரத்துக்குக் கரையும். அதற்கு வாஷிங் சோடா போதும். லாங் பஜாரில் எடைக்கு 2 கிலோ வாங்கினேன். ஆப்ப சோடா வேறு, வாஷிங் சோடா வேறு. ஆப்ப சோடாவுக்கு இந்த வேலையைச் செய்ய பலம் போதாது. 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் வாஷிங் சோடா, 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட்.

நிக்கோடின் தன்னளவில் ஒரு காரம். அமிலம் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கரையும் உப்பாக மாறிவிடும். அதனால் சோடா கழுவல் முடிந்து, நல்ல தண்ணீரால் துடைத்த பிறகு, 4 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வெள்ளை வினிகர் கலந்து ஒரு துடைப்பு.

வினிகரை எல்லா இடத்திலும் போடாதீர்கள். கடப்பா கல், மார்பிள், மொசைக், சுண்ணாம்புச் சுவர், சிமெண்ட் தரை எல்லாவற்றிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, அமிலம் அதை அரித்துவிடும். சமையல்கட்டுக் கடப்பா மேடையில் ஒரு சொட்டு விழுந்த இடம் பளபளப்பு போய் இன்னும் எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது. வாஷிங் சோடாவுக்கு ஆகாதது அலுமினியம். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் பட்டால் கறுத்துப்போகும், அதற்கு வெறும் லிக்விட் சோப்புத் தண்ணீர்தான்.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். அது தாரைக் கரைக்காது. அதோடு வினிகரோ டாய்லெட் கழுவும் ஆசிடோ கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் விஷயம் வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து வெள்ளைப் பிசுக்காக நிற்கும். வாஷிங் சோடா அந்த உப்பைக் கொஞ்சம் பிரித்து அடியில் தங்க வைக்கும். சோடாவைப் போட்டுக் கலக்கி 10 நிமிடம் விட்டு, மேலாகத் தெளிந்ததை எடுத்து அதன் பிறகு லிக்விட் சேருங்கள். கடைசித் துடைப்புக்கு மட்டும் காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு டிரம் பிடித்து வைத்துக்கொண்டேன். போர் தண்ணீரில் கடைசியாகத் துடைத்தால் சுவர் முழுக்க உப்புப் பூக்கும்.

கையுறை, மாஸ்க், கண்ணாடி மூன்றும் வேண்டும். சீலிங் கழுவும்போது சோடாத் தண்ணீர் கண்ணில் சொட்டும். தலையில் ஒரு துண்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

சுவரும் சீலிங்கும்

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான்.

முதலில் ஒட்டடை. துடைப்பத்தால் தட்டினால் தூசி பறந்து மறுபடி படியும். நீளக் கம்பில் ஈரத்துணி சுற்றி ஒற்றி எடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபேன் றெக்கைகளைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். எங்கள் முன்னறை ஃபேன் றெக்கையின் மேல்பக்கத்தில் இருந்ததைத் தூசி என்று சொல்ல முடியாது. கறுப்பு மெழுகு போல ஒரு தடிப்பு, நகத்தால் கீறினால் சுருண்டு வந்தது. டியூப் லைட் பட்டி, சுவிட்ச் போர்டு, டிவி பின்பக்கம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ஈரம் காயும் வரை மெயின் போட வேண்டாம். சூடாகும் பொருளில் படிந்த படலம்தான் சூட்டில் அதிகம் வாடை விடும், அதனால் இவை சின்ன சாமான் என்று விட்டுவிடக் கூடாது.

இனி உங்கள் சுவர் எந்த ரகம் என்று பாருங்கள். ஈரத்துணியால் தேய்த்தால் துணியில் பெயிண்ட் ஒட்டி வருகிறதா? அப்படியானால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். கழுவினால் கரைந்து குழம்பாகிவிடும். துணியில் பழுப்பு மட்டும் வருகிறதா? அது எமல்ஷன் அல்லது ஆயில் பெயிண்ட், தாராளமாகக் கழுவலாம்.

எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன. பின்னறை எமல்ஷன். அதில்தான் முதல் பாடம் படித்தேன். எந்த வேலையும் மேலிருந்து கீழே என்று நினைத்து, மேலே ஈர ஸ்பாஞ்சை வைத்துத் தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் கோடு கோடாகக் கீழே ஓடி, காய்ந்த அழுக்குச் சுவரில் புலி வரி போட்டுவிட்டது. அந்த வரிகளை எடுக்க மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது. பாய் வந்து பார்த்துச் சிரித்தார். "கீழருந்து மேல போமா. கீழ ஈரமா இருந்துச்சுனா மேலருந்து ஓடுறது ஒட்டாது." அதுதான் சரி. சீலிங்கை முதலில் முடித்துவிட்டு, சுவரைக் கீழிருந்து மேலாகச் சோடாத் தண்ணீரால் கழுவ வேண்டும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே.

ஒரு பாகத்துக்கு ஒரு ஆள் அகலம், அதாவது கை எட்டும் தூரம். சோடாத் தண்ணீர் தடவி 3, 4 நிமிடம் ஊறவிட்டு, ஸ்பாஞ்சால் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நல்ல தண்ணீரால் துடையுங்கள். இரண்டு பக்கெட் அவசியம், ஒன்றில் மருந்து, மற்றதில் அலசும் தண்ணீர். முதல் நாள் எங்கள் அலசல் பக்கெட் 10 நிமிடத்தில் ஸ்ட்ராங் டீ ஆகிவிட்டது. அதே தண்ணீரில் தொடர்ந்தால் எடுத்ததை மறுபடி பூசுகிறோம் என்று அர்த்தம். தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம். துடைத்த துணி வெள்ளையாகத் திரும்பும் வரை அதே சுவரை விடக் கூடாது. எங்களுக்குப் பின்னறைக்கு மூன்று சுற்று, ஆளுக்கு இரண்டு நாள் ஆனது.

முன்னறை பழைய காலத்து மெட்ராஸ் டெரஸ். மேலே மர உத்திரம், நடுவே செங்கல், சுவரில் நாலைந்து தலைமுறைச் சுண்ணாம்பு, அதன் மேல் நான் அடிக்க வைத்த டிஸ்டெம்பர். இதைக் கழுவ வழியே இல்லை. பட்டித் தகட்டால் சுரண்டித்தான் ஆக வேண்டும். முதலில் ஸ்பிரேயரால் லேசாகத் தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டால் தூசி பறக்காது. சுரண்டச் சுரண்ட வந்த அடுக்குகளில் மேலே ஒன்றிரண்டுதான் பழுப்பு, அதற்குக் கீழே வெள்ளை. அந்த வெள்ளை தெரியும்போது நிறுத்திக்கொள்ளலாம். உத்திரக் கட்டைகளை லிக்விட் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தோம், தண்ணீர் ஊற்றவில்லை.

கதவு, ஜன்னலில் பழைய ஆயில் பெயிண்ட் இருந்தால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் ஆகாது. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். மகள் அந்த நாட்களில் வீட்டுக்குள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஏசி

இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஃபில்டரை நாமே கழுவலாம். ஆனால் உள்ளே இருக்கும் காயில், புளோயர் சக்கரம், தண்ணீர் வடியும் தட்டு மூன்றிலும் படலம் படிந்திருக்கும், பிரித்துக் கழுவினால்தான் போகும். "ஃபில்டர் கழுவிட்டேன், கேஸ் பார்த்துட்டேன்" என்று 15 நிமிடத்தில் கிளம்புகிறவரை விடாதீர்கள், புளோயரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுவர் கழுவிய பிறகு, பெயிண்டுக்கு முன் இதை முடிப்பது நல்லது.

மரச் சாமானும் துணியும்

பீரோ, அலமாரி, பரண் இவற்றின் வெளிப்பக்கம் பாலிஷ் போட்டிருப்பதால் துடைத்தால் போய்விடும். வாடை உட்கார்ந்திருப்பது உள்ளே, பாலிஷ் இல்லாத பச்சை மரத்திலும் பிளைவுட்டிலும், டிராயரின் அடியிலும். துடைத்து, இரண்டு நாள் திறந்து போட்டுக் காயவிட்டு, ஆசாரியிடம் அரக்குப் பாலிஷ் இரண்டு கை போடச் சொல்லுங்கள். அவர்கள் பிரெஞ்ச் பாலிஷ் என்பார்கள். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்தது. வாடையை உள்ளேயே அடைத்து வைப்பதில் அரக்குக்கு இணை குறைவு. ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம்.

திரைச்சீலை, போர்வை, சட்டை எல்லாவற்றையும் இரவு முழுக்கச் சோப்புத் தூளும் ஒரு கைப்பிடி வாஷிங் சோடாவும் போட்ட வெந்நீரில் ஊறவையுங்கள். முதல் தண்ணீர் மஞ்சளாக வரும், கொட்டிவிட்டு மறுபடி. கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர். நம் ஊர் வெயிலில் காய்ந்த பிறகு முகர்ந்து பாருங்கள், ஈரத்தில் முகர்ந்தால் ஏமாந்துவிடுவீர்கள். வாடை போகாமல் இஸ்திரி போட்டால் சூட்டில் இன்னும் பிடித்துக்கொள்ளும்.

பட்டுப் புடவைக்கு இந்தச் சோடா, வினிகர், வெயில் எதுவும் கூடாது. நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் போட்டு, மடிப்பு மாற்றி, அதற்கும் போகாவிட்டால் டிரை கிளீனிங். புத்தகங்களை மூடிய டப்பாவில் ஒரு கிண்ணம் கரியோடு வைத்தால் மாதக்கணக்கில் குறையும். அடுப்புக் கரியைவிடத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் பலமானது, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும்.

பீரோவில் பூச்சிக்கும் வாடைக்கும் அந்துருண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தை வரப்போகும் வீட்டில் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்த துணியைப் போர்த்தினாலே ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம்.

பயன்படாதவை

நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டது. ரூம் ஸ்பிரே சிகரெட்டையும் மல்லிகையையும் சேர்த்து மணக்கச் செய்யும். சாம்பிராணி தானே ஒரு புகை, தன் பங்குக்குச் சுவரில் கரி படியவிடும். வெங்காயம் வெட்டி வைப்பது, மூலைக்கு மூலை வினிகர் கிண்ணம், காபித் தூள், மணி பிளாண்ட் எல்லாம் மனத் திருப்திக்கு. ஏர் பியூரிஃபையர் காற்றில் மிதக்கும் துகளைப் பிடிக்கும், சுவரைக் கழுவாது.

ஓசோன் மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. அது நுரையீரலுக்குக் கெடுதல் என்பது ஒன்று. சுவரில் ஒட்டியிருக்கும் நிக்கோடினோடு வினைபுரிந்து வேறு எரிச்சல் தரும் பொருள்களை உண்டாக்கும் என்பது இன்னொன்று. எனக்கு அதை விற்க வந்த பையன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

காற்றோட்டம், பிறகு பெயிண்ட்

கழுவி முடித்ததும் ஒரு வாரம் வீட்டைத் திறந்து போடுங்கள். ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலுக்கு உள்ளே, முகம் வெளியே பார்க்கும்படி வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தால் உள்காற்றை இழுத்துத் தள்ளும். மதியம் 12லிருந்து 4 மணி வரை சுவர் சூடேறி மிச்ச வாடை கிளம்பும் நேரம், அப்போது கட்டாயம் ஓட வேண்டும். நாம் வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவதும் அதே நேரத்தில்தான்.

பிறகு மறுபடி ஃபாயில் சோதனை. பின்னறையில் ஒன்றும் இல்லை. முன்னறையில் கிழக்குச் சுவரில் மட்டும், மாமாவின் ஈசி சேருக்குப் பின்னால், லேசாக இருந்தது. அங்கே இன்னொரு சுற்று சுரண்டினோம்.

பெயிண்டில் என் முதல் தப்பு என்ன என்று இப்போது சொன்னால் புரியும். நான் அடிக்க வைத்தது வாட்டர் பிரைமரும் டிஸ்டெம்பரும். நிக்கோடின் கறை தண்ணீரில் கரையும். தண்ணீர்ப் பெயிண்டை அதன் மேல் பூசினால், அந்த ஈரத்திலேயே கரைந்து மேலே ஏறி வந்துவிடும். அதனால் முதல் பூச்சு ஆயில் பிரைமர் அல்லது கறையைத் தடுக்கும் ஸ்டெயின் பிளாக்கர் பிரைமராக இருக்க வேண்டும், சீலிங்குக்கும் சேர்த்து. ஒரு கை அடித்து இரவு முழுக்கக் காயவிட்டு, எங்காவது பழுப்புத் தலை நீட்டினால் இரண்டாவது கை. அதன் மேல் நல்ல எமல்ஷன் இரண்டு கை. சுண்ணாம்பைச் சுரண்டிய பழைய சுவர் முழுக்க உலர்ந்திருந்தால் மட்டும் ஆயில் பிரைமர், அடியில் ஈரம் இருந்தால் கொப்பளித்து உரியும். நாங்கள் முன்னறையை மட்டும் 12 நாள் காயவிட்டோம். ஆயில் பிரைமரின் நெடியே நாலைந்து நாள் நிற்கும், பிள்ளைத்தாய்ச்சி வருவதற்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

தரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் இருந்து இறங்கியதெல்லாம் அங்கேதான் இருக்கும். சோடாத் தண்ணீரால் இரண்டு முறை தேய்த்து, சுவரோரப் பட்டியின் மேல் விளிம்பைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்தால் முடிந்தது. ரெட் ஆக்சைடு தரைக்கும் மொசைக்குக்கும் அமிலம் கிடையாது.

மழைக்காலப் பரிசோதனை

வேலை முடிந்ததா என்று சொல்ல வேண்டியது அடுத்த மழை. இந்த ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்தபோது, ஜன்னல்களைச் சாத்தி, ஒரு இரவு விட்டு, காலையில் அக்காவையே மறுபடி வரச் சொன்னேன். முன்னறையில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "பெயிண்ட் வாடைகூட இல்லடி" என்றாள். சுவரில் சொட்டு இல்லை. கீழே ஆறு மாதப் பேத்தி பாயில் குப்புற விழுந்து, தரையை நக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்கா உள் அறைக்குப் போய் நின்றாள். "இங்க எங்கியோ இருக்குது."

பரணைத் திறந்தோம். புடவைப் பெட்டி, வெண்கலப் பானை, பழைய ஆல்பம், ஒன்றுமில்லை. மூலையில் மாமாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ. ரேடியோவைத் துடைத்து வைத்திருந்தேன், அதன் தோல் உறையைத்தான் மறந்துவிட்டேன். மடியில் அதை வைத்துக்கொண்டுதான் அவர் இரவுச் செய்தி கேட்பார், கையில் சிகரெட்டோடு. உறையின் மேல் மூலையில் சூடுபட்ட ஒரு சின்ன வட்டத் தழும்புகூட இருந்தது.

தோலுக்குச் சோடாவும் ஆகாது, வினிகரும் ஆகாது, வெயிலில் போட்டால் வெடிக்கும். ராணிப்பேட்டையில் தோல் வேலை தெரிந்த உறவுக்காரர் ஒருவரைக் கேட்டேன். ஈரம் காட்டாதே, கரியோடு டப்பாவில் போட்டு மூடிவை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரியை மாற்று, முழுக்கப் போகும் என்று எதிர்பார்க்காதே என்றார். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ரேடியோ மட்டும் முன்னறையில் இருக்கிறது. கரியை அடுத்து மாற்ற வேண்டியது மார்கழிக் கடைசியில்.